கன்றின் வயதே கணக்காகட்டும்

மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பாக, வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் தொண்டை அடைப்பான் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம். ஊர்ப் பொதுவிடத்தில் மாடுகளும் எருமைகளும் கூட்டி நிறுத்தப்படுகின்றன. கறவையிலுள்ளவை முதலில் வருகின்றன. ஏனையவை பின்னர் வருகின்றன. இளங்கன்றுகளோ பெரும்பாலும் வீட்டுக் கட்டுத்தறியிலேயே நின்றுவிடுகின்றன. அழைத்து வரப்பட்ட கன்றுகளிலும் பல, வயது போதாதென்று திருப்பி அனுப்பப்படுகின்றன. மாலையில் பதிவேட்டைக் கூட்டிப் பார்க்குங்கால் குறித்த இலக்கு நிறைவேறியிருக்கலாம். ஆயினும் அப்பதிவேட்டில் இடம் பெறாத கணக்கு ஒன்று உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட கன்று எந்த நாளில் ஊசிக்குரிய வயதை அடையும், அந்நாளில் அதனைத் தேடிச் செல்லப் போகிறவர் யார் என்பதே அக்கணக்கு.

இக்குறை ஊழியர்களின் சோம்பலால் விளைந்ததன்று. நாட்காட்டியை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட எந்தப் பணியும், ஆண்டு முழுவதும் பிறந்துகொண்டிருக்கும் உயிர்களுக்கு முற்றும் பொருந்தாது. முகாம் ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிறது. கன்று எல்லா மாதங்களிலும் பிறக்கிறது. ஆகவே, கன்றுகளைப் பொறுத்த வரையில் தடுப்பூசிப் பணி முகாமின் தேதியை விடுத்துக் கன்றின் பிறந்த தேதியைப் பின்பற்ற வேண்டும். இம்மாறுதலுக்குப் புதிய மருந்தோ பெரிய கட்டிடமோ தேவையில்லை. பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்தியும், அதற்கேற்ப வகுத்த சுற்றுப் பயணமும் இருந்தாற் போதும்.

நோயின் இயல்பு

தமிழில் தொண்டை அடைப்பான் என்றும், இந்தியில் கல்கோட்டு என்றும் வழங்கும் இந்நோய், பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் நுண்ணுயிரால் உண்டாவது. ஆசிய நாடுகளில் அதன் பி-2 என்னும் பிரிவே இதற்குக் காரணம். நலமாகத் தோன்றும் கால்நடைகள் சிலவற்றின் அடிநாச் சதையில் இந்நுண்ணுயிர் வெளித்தெரியாமல் தங்கியிருக்கும். மழை, ஈரம், தீவனக் குறைவு, நெடுந்தூரப் பயணம், கடும் உழைப்பு ஆகியவற்றால் உடல் நலிவுறும்போது அது பெருகி, மூக்கு நீர், வாய் நீர் வழியாக அடுத்த கால்நடைக்குப் பரவுகிறது. ஈரமான இடத்தில் அது சற்று அதிக நேரம் உயிர்த்திருப்பதால் மழைக்காலத்தில் பரவுதல் எளிதாகிறது.

நோயுற்ற கால்நடைக்குக் காய்ச்சல் 104 முதல் 107 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறுகிறது. தொண்டையும் முன்மார்பும் வீங்குகின்றன; வீங்கிய இடம் தொட்டால் சுடும். வாயிலிருந்து எச்சில் வடிகிறது, மூச்சு இரைகிறது, இறுதியில் திணறுகிறது. சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாட்களிலோ உயிர் பிரிகிறது. காய்ச்சல் மட்டும் உள்ள தொடக்க நிலையில் மருத்துவம் பயன்படும். தொண்டை வீங்கிய பின்னர் பிழைப்பது அரிது. மாடுகளைக் காட்டிலும் எருமைகளே இதற்கு எளிதில் இரையாகின்றன. மேலும், இந்நோய் நிலைகொண்ட பகுதிகளில் வளர்ந்த கால்நடைகளைவிட 6 மாதத்திற்கும் 2 வயதிற்கும் இடைப்பட்ட இளங்கால்நடைகளே மிகுதியாக இறக்கின்றன என்பது கருதத்தக்கது.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. இப்பெருஞ்செல்வத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பவை கன்றுகளே. இன்று பால் தராத காரணத்தால் வீட்டாரின் கவனத்தில் கடைசி இடம் பெறும் கிடேரிக் கன்றே, மூன்று நான்கு ஆண்டுகளில் அவ்வீட்டின் கறவையாகிறது. அது மாண்டால், இழப்பு அன்றைய பால் கணக்கில் தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, கடன் வாங்கி வேறு எருமை வாங்க நேரும்போதுதான் தெரிய வருகிறது.

தாய் தரும் காப்பும் அதன் எல்லையும்

கன்றுக்கு மிக இளமையில் ஊசி போடலாகாதென்று விதித்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையில் கன்றின் உடலுக்குள் செல்வதில்லை. கன்று அவற்றைச் சீம்பாலின் வழியாகவே பெறுகிறது. பிறந்த சில மணி நேரத்திற்குள் குடித்த சீம்பாலிலிருந்து அப்பொருள்களைக் குடல் அவ்வாறே உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. நேரம் செல்லச் செல்ல இவ்வாற்றல் குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆதலால் பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதற் சீம்பால் கொடுக்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர், முதல் நாளின் தொடக்க மணிகளிலேயே உள்ளே செல்வது நன்று. நஞ்சுக்கொடி விழும் வரையில் கன்றைப் பாலூட்ட விடாமல் வைத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்பழக்கம் கன்றின் முதற் காப்பை அதன் வாயிலிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வாறு பெற்ற காப்பு நிலையானதன்று. சீம்பாலின் எதிர்ப்புப் பொருள்கள் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன. பன்னிரண்டு வாரங்களின் இறுதியில் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. அவை மிகுதியாக உள்ளபோது ஊசி போட்டால், அவையே மருந்தின் செயலைத் தடுத்துவிடும்; கன்றின் உடல் தானாக எதிர்ப்பாற்றலை உண்டாக்கக் கற்றுக்கொள்வதில்லை. அவை தேய்ந்த பின்னும் ஊசி போடாவிட்டால், கன்று எவ்விதக் காப்பும் இன்றி நிற்கிறது. முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் ஆபத்து என்ற இவ்விரு நிலைகளுக்கும் நடுவே உள்ள காலமே ஊசிக்கு உரிய காலம். 4 முதல் 6 மாத வயதில் முதல் ஊசியும், அதிலிருந்து 3 முதல் 6 மாதங்களில் வலுவூட்டும் ஊசியும், பின்னர் ஆண்டுக்கொருமுறை ஊசியும் போடுவது ஏற்கப்பட்ட முறையாகும். குறிப்பிட்ட மருந்தின் குறிப்புத்தாள் வேறு வயதை விதித்திருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும். மருந்தின் வகையையும் அறிந்திருத்தல் வேண்டும். படிகாரம் சேர்த்த மருந்தின் காப்பு 4 முதல் 6 மாதங்களே நீடிக்கும். எண்ணெய் சேர்த்த மருந்தின் காப்பு 9 முதல் 12 மாதங்கள் வரை நீடிக்கும்.

ஒரு கன்றின் ஓராண்டு

எடுத்துக்காட்டாக, பிப்ரவரி 5-ஆம் தேதி பிறந்த எருமைக் கிடேரிக் கன்று ஒன்றைக் கருதலாம். அவ்வூரில் மே மாத இறுதியில் ஆண்டு முகாம் நடைபெறுகிறது. அன்று அதன் வயது நான்கு மாதத்திற்குச் சற்றுக் குறைவு. விதிப்படி அது திருப்பி அனுப்பப்படுகிறது. அவ்வாறு அனுப்பியதில் பிழையில்லை. ஜூலையில் மழை பிடிக்கும்போது அதன் வயது ஐந்து மாதம். தாய் தந்த காப்பு அநேகமாகத் தேய்ந்துவிட்டது. செப்டம்பரில் அதன் வயது ஏழு மாதம். நோய் மிகுதியாகத் தாக்கும் பருவமும், நோய்க்கு எளிதில் இரையாகும் வயதும் ஒன்றாகக் கூடும் காலம் அது. அடுத்த முகாம் வரும்போது அது உயிருடன் இருக்குமாயின், அதன் வயது ஏறத்தாழ பதினாறு மாதம்.

இக்கன்றுக்கு மருந்து கிடைக்காமற் போகவில்லை. மருந்து அவ்வூருக்கு வந்தது, ஊழியர் வந்தார், விதியும் கடைப்பிடிக்கப்பட்டது. எனினும் ஒரு மழைக்காலம் முழுவதும் கன்று காப்பின்றி நின்றது. இரண்டு வாரம் கழித்து யாரேனும் ஒருவர் மீண்டும் வந்திருந்தால் இவ்விடைவெளி ஏற்பட்டிராது. பிப்ரவரி முதல் மே வரை பிறக்கும் கன்றுகள் பலவற்றின் நிலை ஏறக்குறைய இதுவே.

வெக்கை நோய் கற்பித்த பாடம்

முகாமில் விடுபடும் கன்று ஒரு வீட்டின் கவலை மட்டும் அன்று என்பதை இந்தியக் கால்நடை மருத்துவ வரலாறே காட்டுகிறது. 1889-இல் புனாவில் தொடங்கப்பெற்று, 1893-இல் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பெற்ற ஆய்வுக்கூடம், பின்னர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கே 1927-இல் எட்வர்ட்ஸ் என்பார் வெள்ளாட்டில் பழக்கிய நோய்க் கிருமியைக் கொண்டு வெக்கை நோய்க்குத் தடுப்பு மருந்து உருவாக்கினார். 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. ஐந்தாண்டுகளுக்குள் மாட்டினத்தில் 80 விழுக்காட்டிற்கு ஊசி போடுவதும், அதன் பின்னர் ஆண்டுதோறும் புதிதாகப் பிறப்பவற்றிற்குப் போட்டு வருவதும் அதன் நோக்கம்.

முதற் பகுதி பெரும் பயன் தந்தது. நோய் பெரிதும் குறைந்தது. ஆனால் அது அற்றுப்போகவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று, ஊசியின்றி ஆண்டுதோறும் வளர்ந்து வந்த இளங்கால்நடைகள். அவை இருக்கும் வரை நோய்க்கு இரையும் இருந்தது. பின்னாளில் நுணுக்கமான கண்காணிப்பும் விடாமுயற்சியும் சேர்ந்தபோதுதான், 1995-இல் இந்தியாவில் கடைசி வெக்கை நோய் காணப்பட்டு முடிவுற்றது. 2011-இல் உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

வெக்கைத் தடுப்பூசி ஒரே முறையில் வாழ்நாள் காப்பளித்தது. தொண்டை அடைப்பான் ஊசிக்கு அவ்வாற்றல் இல்லை. நலமான கால்நடையின் தொண்டையில் ஒளிந்திருக்கும் இந்நுண்ணுயிரை அந்நோயைப்போல் அடியோடு ஒழிக்க இயலும் என்றும் கூறுவதற்கில்லை. எனவே, புதிதாகப் பிறந்தவற்றைத் தேடிச் செல்லும் பணி வெக்கை நோயில் எவ்வளவு தேவையாக இருந்ததோ, இந்நோயில் அதனினும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

மூன்று மாதத்திற்கு ஒரு கன்று நாள்

இதற்கு எழக்கூடிய தடை நியாயமானதே. ஒரு குப்பியில் பல கால்நடைகளுக்குரிய மருந்து அடங்கியிருக்கிறது. நான்கு கன்றுகளுக்காக அதனைத் திறந்தால் எஞ்சியது வீணாகும். ஓர் ஊழியரின் பொறுப்பில் பல கிராமங்கள் உள்ளன. கன்று ஒவ்வொன்றின் வயது நிரம்பும் நாளிலும் அவர் அங்கே செல்வது இயலாது. பனிப்பெட்டியும் வண்டியும் எந்நாளும் கிடைப்பதில்லை.

இத்தடைகளைப் பொருட்படுத்தாத திட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். ஆனால் ஊசிக்குரிய காலம் ஒரு நாளன்று. சில மாதங்கள் என்பதை நினைவிற்கொண்டால் வழி புலப்படும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அதாவது மார்ச்சு, ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில், அண்மையிலுள்ள சில கிராமங்களை ஒன்று சேர்த்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் கன்று நாள் ஒன்றை நடத்தலாம். அப்பொழுது நான்கு மாதம் நிரம்பிய கன்று எதுவும் ஏழு மாதத்தைக் கடப்பதற்குள் முதல் ஊசியைப் பெற்றுவிடும். அடுத்த கன்று நாளில் வலுவூட்டும் ஊசியும் கிடைத்துவிடும். பிப்ரவரி 5-இல் பிறந்த கன்று, ஜூன் இரண்டாம் வாரத்தில் நான்கு மாதம் நிரம்பி, முதல் ஊசியுடன் மழையை எதிர்கொள்ளும். பல கிராமத்துக் கன்றுகள் ஓரிடத்தில் கூடுவதால் குப்பி மருந்தும் பெருமளவு வீணாகாது.

இவ்வேற்பாடு வேறொரு பணிக்கும் துணை செய்யும். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கன்றுவீச்சு நோயாகிய புரூசெல்லோசிஸைத் தடுக்க 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போட விதிக்கப்பட்டது. அதுவும் வயதை ஒட்டிய ஊசியே. கோமாரி நோய்க்கும் கன்றுப் பருவத்தில் முதல் ஊசியும் வலுவூட்டும் ஊசியும் உண்டு. எவற்றை ஒரே நாளில் போடலாம், எவற்றிற்கு இடையே சில வாரங்கள் விட வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவர் தீர்மானிப்பார். ஆயினும் இவை அனைத்திற்கும் வேண்டிய பட்டியல் ஒன்றே: எந்த வீட்டில், எந்த நாளில், எந்தக் கன்று பிறந்தது என்னும் பட்டியல். காதில் பன்னிரண்டு இலக்கத் தகடு பொருத்தும் வழக்கம் பரவியுள்ள இக்காலத்தில், கன்றை அடையாளம் காண்பது கடினமன்று. தகட்டின் எண்ணுக்கு எதிரே பிறந்த தேதி எழுதப்படாவிடில், அவ்வெண்ணால் கன்றுக்கு விளையும் நன்மை சிறிதே.

ஊசியின் எல்லை

தடுப்பூசியின் பெருமையைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவராவர். கன்றின் மூச்சு நோய்கள் அனைத்தும் தொண்டை அடைப்பான் அல்ல. வேறு நுண்ணுயிர்களும் நச்சுயிர்களும் கன்றுகளுக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்குகின்றன. அவற்றுள் சிலவற்றிற்கு, பிறந்த சில நாட்களிலேயே மூக்கில் விடும் தடுப்பு மருந்துகள் மேலை நாட்டுப் பண்ணைகளில் கையாளப்படுகின்றன. தொண்டை அடைப்பான் ஊசி அவற்றைத் தடுக்காது. 'ஊசி போட்டாயிற்று, இனி இருமலே வராது' என்று உறுதி கூறினால், முதல் இருமலோடு ஊசியின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

கொட்டில் கெட்டிருந்தால் எவ்வூசியும் முழுப் பயன் தராது. சிறுநீர் தேங்கிய தரையிலிருந்து எழும் அமோனியா ஆவி கன்றின் மூச்சுக்குழலைப் புண்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு அந்நெடி தெரியாமலிருக்கலாம். கன்று படுத்திருக்கும் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்து பார்த்தால் தெரியும். குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் சாக்கால் அடைப்பதைவிட, உலர்ந்த வைக்கோற் படுக்கையிட்டுக் காற்று மேலே வெளியேற வழி விடுவதே கன்றுக்கு நல்லது.

மருந்தைக் காப்பதிலும் கவனம் வேண்டும். அதனை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடலாகாது. வெயிலில் கெட்ட மருந்தையும் பனிக்கட்டியை ஒட்டி உறைந்து கெட்ட மருந்தையும் கண்ணால் மட்டும் பார்த்து எப்பொழுதும் கண்டுகொள்ள இயலாது. கெட்ட மருந்தை ஆயிரம் கால்நடைகளுக்குப் போட்டாலும் பதிவேட்டில் ஆயிரம் என்றே இருக்கும்; காப்பு ஒன்றுக்கும் இராது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உண்டாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதையும் உரிமையாளருக்கு முன்னரே சொல்ல வேண்டும். ஏற்கெனவே நோய் பற்றிய கால்நடை ஊசிக்குப் பின் இறந்தால், பழி ஊசியையே சாரும்.

ஊழியரும் ஆசிரியரும்

கிராமத்தில் பணியாற்றும் ஊழியர் முகாம் முடிந்த அன்றே ஒரு சிறு பட்டியலை எழுதிக்கொள்ளலாம்: அன்று திருப்பி அனுப்பிய கன்றுகள், முகாமிற்கு வராத கன்றுகள், இன்னும் சில வாரங்களில் ஈனவிருக்கும் தாய்கள். அடுத்த கன்று நாளின் வேலை அப்பட்டியலிலேயே அடங்கியிருக்கும். மேலதிகாரிகளும் எத்தனை ஊசி செலவாயிற்று என்று மட்டும் கேளாமல், வயது நிரம்பிய கன்றுகளில் எத்தனைக்கு இரண்டு ஊசிகளும் கிடைத்தன என்று கேட்பாராயின், கீழே நடைபெறும் வேலையின் போக்கு தானே மாறும். கேட்கப்படாத கணக்கு நெடுநாள் எழுதப்படுவதில்லை.

ஆசிரியர் செய்யக்கூடிய உதவியும் சிறிதன்று. கிராமப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பலரின் வீடுகளில் கன்று உண்டு. அது பிறந்த நாள், முதற் சீம்பால் குடித்த நேரம், காதுத் தகட்டின் எண், நான்கு மாதம் நிரம்பும் தேதி, ஊசி போட்ட நாள், வலுவூட்டும் ஊசிக்குரிய நாள் ஆகியவற்றைப் பிள்ளை தன் ஏட்டில் குறித்து வரலாம். தேதியைக் கூட்டிக் காண்பது கணக்குப் பாடம். சீம்பாலின் காப்பு பாதி பாதியாகக் குறைவதைக் காண்பது விஞ்ஞானப் பாடம். 'அடுத்த வியாழக்கிழமை கன்று நாள். வீட்டுக் கன்றுக்கு வயது நிரம்பிவிட்டது' என்று பிள்ளை இரவு உணவின்போது தாய் தந்தையரிடம் சொல்வது, சுவரொட்டிகள் பலவற்றினும் பயனுடையது.

ஊசியை ஏற்கத் தயங்கும் உரிமையாளரை அறியாமையுடையவர் என்று ஒதுக்குவது முறையன்று. ஊசிக்குப் பின் சில நாள் வீக்கத்தையும், கறவையில் பால் குறைந்ததையும் அவர் கண்டிருக்கலாம். ஊசி போட்ட மாடு இறந்ததையும் கண்டிருக்கலாம். நேர்ந்தவற்றின் காரணத்தை விளக்கி, குறித்த நாளில் தவறாது மீண்டும் வருபவரை அவர் நம்புவார். முகாம் நடத்திவிட்டு ஓராண்டு கழித்து முகம் காட்டுபவரை நம்புவது எவர்க்கும் எளிதன்று.

வரும் மழைக்கு முன் நடைபெறும் முகாமில், வயது போதாதென்று கன்று ஒன்றைத் திருப்பி அனுப்ப நேரிடும்போது, அதனைப் பிடித்து வந்தவரின் கையில் அடுத்து வர வேண்டிய தேதி எழுதிய சீட்டு ஒன்றையும் கொடுத்தனுப்ப வேண்டும். அத்தேதியில் ஊழியர் அங்கே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும் ஊரில், இளங்கன்றுகளைக் காக்கும் பணி உண்மையாகவே தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம்.